கீட்டோவிலிருந்து ஒரு நாள்: மலைச்சந்தை ஊர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கலாபகோஸ் தீவுகளுக்குப் போகும் வழியில் ஈக்வடாரின் தலைநகர் கீட்டோவில் இரண்டு மூன்று நாள் தங்குபவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாமே வடக்கே உள்ள இம்பாபுரா மாகாணத்தைச் சுற்றியவை என்பதால் ஒரே இடத்தில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒட்டவாலோ சந்தை, கோட்டகாச்சி தோல்கடைகள், குயிகோச்சா ஏரி, சான் அந்தோனியோ மரச்சிற்பம், இபார்ரா, பூமத்திய ரேகை. ஆறையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா?

முடியாது. மூன்றை நிதானமாகப் பார்க்கலாம். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் மற்ற மூன்றையும் வண்டியின் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

கணக்கு இதுதான். கீட்டோவின் நடுப்பகுதியிலிருந்து வடமுனைக்குப் போகவே முக்கால் மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஒட்டவாலோவுக்கு இரண்டு மணி நேரம். திரும்பி வரவும் அதே அளவு. ஆக ஐந்தரை மணி நேரம் சாலையிலேயே கழிகிறது. பூமத்திய ரேகை நாடு என்பதால் ஆண்டு முழுக்க மாலை ஆறு முதல் ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்தி வெளிச்சமும் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காது. வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இருட்டிய பிறகு போக வேண்டாம் என்று நினைத்தால், ஊர் பார்க்கக் கையில் மிஞ்சுவது ஏழு மணி நேரம்.

அந்த ஏழு மணி நேரத்துக்கு ஒட்டவாலோ, குயிகோச்சா, கோட்டகாச்சி மூன்றும் பொருந்தும். கோட்டகாச்சி ஊர் ஒட்டவாலோவிலிருந்து அரை மணி நேரத் தூரம். ஏரி அந்த ஊருக்கு மேலே பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டரில் இருக்கிறது. இபார்ராவையும் சான் அந்தோனியோவையும் விட்டுவிடுங்கள். மரச்சிற்பத்துக்காகவே போகிறவர்கள் ஏரியைத் தியாகம் செய்யலாம். ஆனால் இரண்டும் வேண்டும் என்றால் ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும்.

எந்த வரிசையில் போவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மலைச்சிகரங்கள் தெளிவாகத் தெரிவது காலையில். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிவிடும். மதியத்துக்குப் பிறகு சிகரம் மூடிக்கிடக்கும் நாட்களே அதிகம். சந்தையும் காலையில்தான் சூடாக இருக்கும். இரண்டுக்கும் காலை வேண்டும் என்றால் கிழமை முடிவு செய்யட்டும். சனிக்கிழமை என்றால் சந்தை முதலில், ஏரி பிறகு. ஏரி ஒரு பள்ளக்கிண்ணத்துக்குள் கிடப்பதால் மேலே மேகம் கவிந்தாலும் தண்ணீரும் தீவுகளும் பெரும்பாலும் தெரியும். இழப்பது கோட்டகாச்சி சிகரத்தை மட்டும்தான். மற்ற கிழமைகளில் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் ஏரி, கோட்டகாச்சியில் மதிய உணவு, கடைசியில் ஒட்டவாலோ.

கேள்வி: எங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கிறது. சந்தை இருக்குமா, வெறிச்சோடிக் கிடக்குமா?

இருக்கும். ஒட்டவாலோவின் நடுவில் உள்ள பொன்ச்சோ சதுக்கத்தில் துணிக்கடைகள் தினமும் உண்டு. சனிக்கிழமை அந்தச் சதுக்கம் நிரம்பிப் பக்கத்துத் தெருக்களுக்கும் வழியும். புதன்கிழமை அதற்கு அடுத்த நிலை. செவ்வாயில் கடை குறைவு, ஆனால் நெரிசலும் குறைவு, பேசிப் பார்த்து வாங்க நேரமும் கிடைக்கும். வாங்குவதுதான் நோக்கம் என்றால் சாதாரண நாளே மேல்.

செவ்வாயில் கிடைக்காதது கால்நடைச் சந்தை. அது சனிக்கிழமை விடியற்காலையில் ஊருக்கு வெளியே கூடும். மாடு, பன்றி, ஆடு, கோழி, சாப்பாட்டுக்கு வளர்க்கும் கினி எலி எல்லாம் கைமாறும். காலை ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். கீட்டோவிலிருந்து அன்று காலை பேருந்தில் கிளம்பினால் வாலைத்தான் பார்க்கலாம். அதற்காகவே போகிறவர்கள் வெள்ளி இரவே ஒட்டவாலோவில் தங்கிவிடுவது நல்லது.

கேள்வி: பேருந்தா, வாடகைக் காரா? மெட்ரோவில் பேருந்து நிலையம் போகலாமா?

வடக்கே போகும் பேருந்துகள் கார்செலென் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய கீட்டோ மெட்ரோ அதுவரை போகாது. அதன் வடமுனை எல் லப்ரதோர். அங்கே இறங்கி நகரப் பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும்.

நிலையத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒட்டவாலோ என்று பலகை போட்ட பேருந்து ஊருக்குள் நிலையம் வரை போகும். இபார்ராவுக்கோ துல்கானுக்கோ போகும் பேருந்து உங்களை நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து சந்தைக்கு நடக்க வேண்டும். பகலில் அது சிரமமில்லை, மூட்டை முடிச்சுடன் திரும்பும்போதுதான் தொல்லை.

போகும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கையைப் பிடியுங்கள். 5,790 மீட்டர் உயரமுள்ள கயாம்பே பனிமலை, பிறகு சான் பாப்லோ ஏரி, அதன் பின்னால் எழும் இம்பாபுரா மலை, எல்லாம் அந்தப் பக்கம்தான். பையை மேல்தட்டிலோ காலடியிலோ வைக்காமல் மடியில் வையுங்கள். இருக்கைக்கு அடியிலிருந்து பையை உருவுவது அந்தத் தடத்துப் பழைய வித்தை.

நான்கு பேராக இருந்தால் ஓட்டுநருடன் கார் அமர்த்துவது மிச்சம். பணத்தில் இல்லாவிட்டாலும் நேரத்தில். குவாய்யாபாம்பா தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்து, ஒன்று தபகுண்டோ வழியாகவும் மற்றது கயாம்பே ஊர் வழியாகவும் போய், கஹாஸ் என்ற இடத்தில் மறுபடி சேர்கிறது. தபகுண்டோ வழி குறுக்கு, கயாம்பே வழி சற்றுச் சுற்று. ஓட்டுநரிடம் போகும்போது கயாம்பே, வரும்போது தபகுண்டோ என்று சொல்லிவிடுங்கள். மலை காலையில் தெரியும், மாலையில் வீடு திரும்பும் அவசரம். பேருந்தில் அந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை.

நீங்களே கார் ஓட்டுவதானால், வார நாட்களில் கீட்டோ நகருக்குள் வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து நெரிசல் நேரத் தடை உண்டு. உங்கள் எண்ணுக்குத் தடை எந்த நாள் என்று வாடகை நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் முந்திக் கிளம்பினாலும் மாலையில் திரும்பும்போது மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

கேள்வி: பூமத்திய ரேகைக் கோபுரம் வழியில் வருமா? அங்கே தண்ணீர் இரு பக்கமும் எதிரெதிராகச் சுழலும் என்கிறார்களே?

புகழ்பெற்ற 'உலகின் நடு' நினைவுச்சின்னம் ஒட்டவாலோ சாலையில் இல்லை. கீட்டோவுக்கு வடக்கே, தனிச் சாலையில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் இரண்டு மணி நேரம் போகும். போதாக்குறைக்கு, இன்றைய செயற்கைக்கோள் அளவீட்டின்படி உண்மையான ரேகை அந்தக் கோபுரத்துக்கு வடக்கே சுமார் 240 மீட்டரில் ஓடுகிறது.

கயாம்பே வழியாகப் போனால் ஊருக்குச் சற்று முன்பே சாலை ஓரத்தில் கிட்சாட்டோ சூரியக் கடிகாரம் வரும். இது ரேகையின் மேலேயே அமைந்தது. நடுவில் பத்து மீட்டர் உயர உருளைத் தூண் நிழல் காட்டுகிறது. ஆறு மாதம் நண்பகல் நிழல் வடக்கே விழும், ஆறு மாதம் தெற்கே. இருபது நிமிடம் போதும், சாலையை விட்டு விலகவும் வேண்டாம். எங்கள் தேர்வு இதுதான்.

தண்ணீர்ச் சுழற்சி வேடிக்கை. பூமியின் சுழற்சியால் வரும் விசை புயல் அளவில்தான் வேலை செய்யும், அதுவும் ரேகையில் சுழியம். கைகழுவும் தொட்டியில் தண்ணீர் எந்தப் பக்கம் சுழலும் என்பதை ஊற்றிய விதமும் தொட்டியின் வடிவமும் தீர்மானிக்கின்றன. ரேகையின் மேல் ஆணித்தலையில் முட்டை நிறுத்துவதும் அப்படியே. பொறுமை இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். குழந்தைகள் சிரிக்கட்டும், பாடமாக நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, ரத்த அழுத்தம் உண்டு. கீட்டோவில் இறங்கிய மறுநாளே இந்தப் பயணம் சரியா?

மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். அவரிடம் கேட்கும்போது சொல்ல வேண்டிய உயரங்கள் இவை. கீட்டோ 2,850 மீட்டர். சாலை அங்கிருந்து குவாய்யாபாம்பா பள்ளத்தாக்குக்கு எழுநூறு மீட்டர் போல இறங்கி மறுபடி ஏறுகிறது. ஒட்டவாலோ சுமார் 2,530 மீட்டர், அதாவது கீட்டோவை விடத் தாழ்வு. குயிகோச்சா ஏரிக்கரை 3,000 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது.

உயரநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே ஏறியவர்களுக்கு முதல் ஓரிரு நாளில் தலைகாட்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, ஓரடி ஏறினாலே மூச்சு வாங்குதல். அதனால் கீட்டோவில் இரண்டு இரவு தூங்கிய பிறகு, மூன்றாம் நாளில் இதை வைத்துக்கொள்வது மேல். ஏரியில் படகும் காட்சிமேடையும் போதும். ஏரியைச் சுற்றும் 14 கிலோமீட்டர் நடைபாதை ஏறி இறங்கி நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அது ஒருநாள் பயணத்துக்கும் உதவாது, அம்மாவுக்கும் உதவாது. 3,700 மீட்டர் உயரமுள்ள மொஹாந்தா ஏரிகளைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது. கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போங்கள். அவசர எண் 911.

பள்ளத்தாக்கில் இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். இதைவிடப் பலரும் அலட்சியம் செய்வது வெயிலை. குளிர்காற்று வீசுவதால் சுடாது, ஆனால் ரேகைக்கு மேலே, அந்த உயரத்தில், புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருக்கும். மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. தொப்பி, முழுக்கைச் சட்டை, இரண்டு மணிக்கொருமுறை வெயில் களிம்பு. காதுமடலையும் பிடரியையும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஏரியில் படகுச் சவாரி உண்டா? எவ்வளவு நேரம்?

உண்டு, முக்கால் மணி நேரம் வரை. குயிகோச்சா மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள எரிமலை வாய். சுமார் 3,100 ஆண்டுகளுக்கு முன் நடந்த வெடிப்பில் உண்டானது. நடுவில் இரண்டு தீவுகள், இறங்க அனுமதியில்லை. தீவுகளை ஒட்டிப் போகும்போது தண்ணீரில் குமிழிகள் வருவதைக் காட்டுவார்கள். அடியில் எரிமலை இன்னும் விடும் வாயு அது. ஆள் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், வார நாளில் காத்திருக்க வேண்டியிருக்கும். மதியத்துக்குப் பிறகு காற்று எழும்பிச் சாரல் அடிக்கும், அதனால் காற்று புகாத மேலாடை வேண்டும்.

ஏரிக்குப் போகும் டாக்சியைக் கோட்டகாச்சியில் பிடியுங்கள். காத்திருந்து திரும்பக் கூட்டிவருவதற்கும் சேர்த்தே கட்டணம் பேசிவிடுங்கள். மேலே திரும்பும் வண்டி கிடைக்காமல் நிற்பவர்களை எப்போதும் பார்க்கலாம்.

கேள்வி: ஒட்டவாலோவில் அல்பாகா (லாமாவின் உறவு விலங்கு) உரோமப் போர்வை என்று விற்பதை நம்பலாமா?

சந்தையில் மிக மென்மையாக, பஞ்சுபோல மயிர் நிமிர்ந்து, பெரிய லாமா உருவத்தோடு அடுக்கிவைத்திருக்கும் போர்வைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை. 'அல்பாகா' என்பது அந்த வகைப் போர்வைக்கே வழக்குப் பெயராகிவிட்டது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்றே கொள்ள வேண்டாம். உலகின் அல்பாகா உரோமத்தில் பெரும்பங்கு பெருவிலிருந்து வருகிறது, ஈக்வடாரில் மந்தைகள் குறைவு. அத்தனை மலிவாக அத்தனை அல்பாகா கிடைக்க வழியே இல்லை.

சோதிக்க நம்பகமான வழி தீதான். ஓரத்தில் தொங்கும் இழையில் ஓர் அங்குலம் கேட்டு வாங்குங்கள். கடைக்குள் கொளுத்தாமல், தள்ளிப்போய், இடுக்கியால் பிடித்துப் பற்றவையுங்கள். உரோமம் தயங்கித் தயங்கி எரியும், முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் சட்டென்று பிடித்து, உருகி, கரும்புகை விட்டு, ஆறியதும் கெட்டியான மணியாகும். இரண்டும் கலந்த நூல் என்றால் வாடையும் வரும், மணியும் மிஞ்சும். இந்தச் சோதனை ஆட்டு உரோமத்தையும் அல்பாகாவையும் பிரித்துக்காட்டாது. அதற்குக் கைதான் சோதனை. ஆட்டு உரோமம் கழுத்தில் வைத்தால் குத்தும். நல்ல அல்பாகா வழவழப்பாக, கனத்துத் தொங்கும்.

அக்ரிலிக் கெட்டது என்று சொல்லவில்லை. இயந்திரத்தில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, பயணப்பெட்டியில் எடை குறைவு. அக்ரிலிக் விலைக்கு அக்ரிலிக் வாங்குவதில் நஷ்டமில்லை. உரோமத்தை மட்டும் வெந்நீரில் போட்டு அலசிவிடாதீர்கள். இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிப் போர்வை சுருங்கி அட்டையாகிவிடும்.

உண்மையான கைத்தறி வேண்டும் என்றால் சதுக்கத்தைவிட, ஒட்டவாலோவை ஒட்டிய பெகுச்சே, அகாட்டோ ஊர்களின் நெசவுக் கூடங்களுக்குப் போங்கள். பெகுச்சே மூன்று கிலோமீட்டர்தான். இடுப்பில் வார் கட்டி இழுத்து நெய்யும் தறியில் உருவாகும் இடுப்புப் பட்டைகள் அங்கே கிடைக்கும். அகலம் குறைவு, வேலை அதிகம், விலையும் அதற்கேற்ப. இயற்கைச் சாயம் என்றால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் எதுவானாலும், நிறம் ஒட்டினால் வீட்டில் மற்ற துணிக்கும் ஒட்டும்.

பழங்காலச் சிலை, மண்பாண்டம் என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். போலி என்றால் பணம் போச்சு. அசல் என்றால் நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். நினைவுப்பொருளாகத் தாகுவா என்ற பனை வகையின் விதையில் செதுக்கிய சின்னஞ்சிறு பொருட்களை எடுக்கலாம். பார்க்கத் தந்தம்போல இருக்கும், யானைக்கு நஷ்டமில்லை.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வரலாம், ஏனென்றால் அந்தச் சொல் பலருக்கு மாட்டிறைச்சியை மட்டுமே குறிக்கும். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரி பன்றிக்கொழுப்பு, 'மன்தேகா தே சான்ச்சோ'. வறுத்த சோளத்தை அதில் வறுப்பது வழக்கம், கயாம்பே ஊரின் பிஸ்கோச்சோ ரொட்டியிலும் சேர்ப்பதுண்டு. அந்த ரொட்டியோடு தரும் ஏடு ஏடாகப் பிரியும் பாலாடைக்கட்டி பற்றித் தயங்க வேண்டியது ரென்னெட் (பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள்) தவிர்ப்பவர்கள் மட்டும்.

தைரியமாக வாங்கக்கூடியவை: பாலாடைக்கட்டியோடு அவித்த சோளக்கதிர், அவித்த அவரை வகைகள், பழங்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்த 'லோக்ரோ' சூப் மிக நன்றாக இருக்கும், கோழிச்சாறு ஊற்றியதா என்று கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கு அடையான 'யாபிங்காச்சோ' தொத்திறைச்சியோடு தட்டில் வரும், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். குவாய்யாபாம்பாவில் சாலை ஓரத்தில் குவித்திருக்கும் சிரிமோயா நம் சீத்தாப்பழத்தின் நெருங்கிய உறவு. கொட்டை குறைவு, சதை அதிகம். காலையிலேயே இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு உதவும்.

கேள்வி: பணம் எப்படி? ரூபாயை அங்கே மாற்றலாமா?

ஈக்வடார் 2000 முதல் அமெரிக்க டாலரையே புழங்குகிறது, அதனால் கிளம்பும்போதே டாலராக எடுத்துப் போங்கள். சந்தையில் 50, 100 தாள்களை வாங்க மாட்டார்கள், 20க்கே முகம் சுளிப்பார்கள். 1, 5, 10 தாள்கள் வேண்டும். கிழிந்த, எழுதிய தாள்களும் ஓடாது. சில்லறையாக ஈக்வடாரின் சொந்த சென்ட் நாணயங்கள் வரும். அமெரிக்க நாணயத்தின் அதே மதிப்பு, ஆனால் அந்த நாட்டு எல்லையைத் தாண்டினால் செல்லாது. கடைசி நாளில் பேருந்துக்கும் பழத்துக்கும் செலவழித்துத் தீர்த்துவிடுங்கள்.

பேரம் உண்டு, சண்டை இல்லை. ஒரே கடையில் மூன்று நான்கு பொருள் எடுத்து மொத்த விலை கேட்பது தனித்தனியாக இழுப்பதைவிடப் பலிக்கும்.

கேள்வி: மறியல், சாலை அடைப்பு என்று செய்தி வருகிறதே?

2019 அக்டோபரிலும் 2022 ஜூனிலும் நாடு தழுவிய போராட்டங்களில் இந்த நெடுஞ்சாலையே அடைபட்டது. 2022இல் 18 நாள் நீடித்தது. மழை மிகுந்த மாதங்களில், குறிப்பாக ஏப்ரலில், மண்சரிவும் சாலையை மறிக்கும். கிளம்பும் காலையில் ஈக்வடாரின் அவசரசேவை அமைப்பான 'எக்கு 911' வெளியிடும் சாலை நிலவரத்தைப் பாருங்கள், விடுதிக்காரரையும் கேளுங்கள். போராட்ட அறிவிப்பு வந்துவிட்டால் பயணத்தைக் கைவிடுங்கள். மறியலுக்குள் மாட்டினால் மாற்றுவழி கிடையாது. கலாபகோஸ் விமானம் மறுநாள் என்றால் இந்தப் பயணத்தை அதற்கு முந்தைய நாளில் வைக்கவே கூடாது.

கேள்வி: பாரம்பரிய உடையில் இருப்பவர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். பூ வேலைப்பாடு செய்த வெள்ளை ரவிக்கை, பொன்னிற மணிமாலை, ஆண்களின் நீண்ட பின்னல் எல்லாம் அவர்களின் அன்றாட உடை, காட்சிக்கு அணிந்தது அல்ல. கடையில் ஒரு பொருள் வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குழந்தைகளை எடுப்பதானால் பெற்றோரிடம் கேளுங்கள்.